வான்கதவு ஆரின்ர கையில்?

சுவிற்சர்லாந்தின் லுட்சேர்ன் நகரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரிய மரப்பாலத்தில் நின்று படம் எடுப்பார்கள், கப்பல் ஏறுவார்கள், மலையில் ரயில் ஏறிவிட்டுத் திரும்புவார்கள். அந்தப் பாலத்திலிருந்து ஆற்றோடு கொஞ்சத் தூரம் கீழே நடந்தால் இன்னொரு மரப்பாலம் வரும். அதன் பக்கத்தில் உள்ள அணையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஏரியை விட்டு றொய்ஸ் ஆறு புறப்படுகிற வாய் அதுதான். 1859க்கும் 1861க்கும் இடையில் கட்டியது. நீளமான மரச்சட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி, நிமிர்ந்தபடி வரிசையாகச் சாய்ந்து நிற்கும். தண்ணீரின் அழுத்தமே அவற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். மே, யூனில் மலைப்பனி உருகி ஏரி ஏறத் தொடங்கியதும் வேலையாட்கள் மேலே நடைபலகையில் நின்று அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து எடுப்பார்கள். நீர் குறையும் காலத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுவார்கள். 2005 ஓகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு பக்கவாட்டில் புதிய கதவு கட்டினார்கள். ஆனாலும் பழைய சட்டங்களைக் கைவிடவில்லை. இன்றைக்கும் அவைதான் வேலை செய்கின்றன.

ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த பெரியப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் ஆயுள் முழுக்க வயல் செய்த மனிதர். மலையைக் காட்டினேன், தலையாட்டினார். கப்பலைக் காட்டினேன், அதற்கும் தலையாட்டினார். இந்த அணைக்கு முன்னால் வந்ததும் மனிதர் அசையவில்லை. கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, சட்டங்களுக்கு நடுவே நீர் பீறிடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இதை ஆர் திறக்கிறது?"

"மாநில அரசாங்கத்தின்ர வேலையாக்கள், பெரியப்பா."

"அது சரி. ஆரின்ர உத்தரவிலை? மேலை இருக்கிறவன் திற எண்டுவான், கீழை இருக்கிறவன் பூட்டு எண்டுவான். ஆற்றங்கரையிலை வீடு கட்டினவன் ஒண்டு சொல்லுவான், கப்பல்காரன் வேறை சொல்லுவான். ஆர் சொல்லுறதைக் கேக்கிறவை?"

குளத்துக்குக் கீழே வாழ்ந்த ஒருவரால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். குளம் நிரம்பி வான் பாயும் நாளில் வான்கதவை எத்தனை அங்குலம் தூக்குவது, வயலுக்கு நீர் விடும் துருசை எந்த நாள் திறப்பது என்பதில் வயலும் வாழ்வும் தங்கியிருப்பதை உடம்பால் அறிந்தவர் அவர். நான் தூன் ஏரிக் கரையில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் சுவிஸ் ஏரிகளின் பெயரையும் ஆழத்தையும் பாடமாக்கினோம். ஜெனீவா ஏரி 580 சதுர கிலோமீற்றர், ஆகக்கூடிய ஆழம் 310 மீற்றர். நாட்டில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள். கடலே இல்லாத மலைநாட்டுக்கு இயற்கை கொடுத்த கொடை என்று ஆசிரியை சொன்னது நினைவிருக்கிறது. அவற்றை யார் திறந்து மூடுகிறார்கள் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பெரியப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விடுமுறை நாட்களில் போய்ப் பார்க்கவும் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது இது. சுவிற்சர்லாந்தின் பெரிய ஏரிகளில் போடன் ஏரி, வாலன் ஏரி என்ற இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றின் நீர்மட்டமும் மனிதர் எழுதிய விதிமுறைப்படிதான் ஏறி இறங்குகிறது. லுட்சேர்ன் அணைக்கு ஒரு விதிமுறை உண்டு. அது ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து மாநிலங்களும் சம்பந்தப்பட்ட விவகாரம். வாலன் ஏரிக்குக் கதவு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதையும் விட்டுவைக்கவில்லை. லிந்த் ஆறு மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டிச் சமவெளியைச் சதுப்பாக்கியபோது, 1807இல் ஹான்ஸ் கொன்ராட் எஷர் தலைமையில் வேலை தொடங்கி, 1811இல் ஆற்றைத் திருப்பி ஏரிக்குள் விட்டார்கள். வெளியேறும் வாயை வெட்டி ஆழமாக்கினார்கள். ஏரி ஐந்து மீற்றருக்கு மேல் இறங்கியது. இன்று அதன் கரையில் ரயில் ஓடும்போது யன்னலால் தெரிகிற கரை, இருநூறு வருடங்களுக்கு முன் தண்ணீருக்குக் கீழே இருந்த நிலம்.

என் சொந்த ஏரியின் கதை இதைவிடப் பழையது. கண்டர் என்ற மலையாறு முன்பு தூன் ஏரிக்குள் வரவேயில்லை. ஏரிக்குப் பக்கத்தால், ஒரு மேட்டுக்கு அந்தப் புறமாக ஓடி, நகரத்துக்குக் கீழே ஆரே ஆற்றில் விழுந்தது. விழும் இடத்தில் கல்லைக் கொட்டி ஆரேயை மறித்தது. அக்கம்பக்க ஊர்களை அடிக்கடி மூழ்கடித்தது. அந்த ஊர்களின் முறைப்பாட்டைக் கேட்டு 1711இல் பேர்ண் அரசு முடிவெடுத்தது: மேட்டைக் குடைந்து கண்டரை ஏரிக்குள் விடுவது. 1714இல் ஆறு புதிய வழியால் பாய்ந்தது. குடைந்த வழி சரிவு கூடியது, ஆறு அடியை அரித்துக்கொண்டே போனது, மேற்கூரை இடிந்து விழுந்து சுரங்கம் இருந்த இடம் திறந்த பள்ளத்தாக்காகியது. மேல் ஊர்கள் தப்பின. ஆனால் ஏரிக்குள் புதிதாக ஒரு முழு ஆறு வந்து சேர்ந்ததும், ஏரியின் வாய் பழைய அளவிலேயே இருந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. தூன் நகரம் தண்ணீரில் நின்றது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பிழைக்குக் கட்டிய கட்டுத்தான். 1726இல் ஒரு மதகு, 1788இல் இன்னொரு மதகு. இரண்டும் இன்றைக்கும் நகரத்தின் நடுவில், கூரை போட்ட மரப்பாலங்களுக்குக் கீழே நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கீழே எழும் அலையில் இளைஞர்கள் பலகை வைத்துச் சறுக்கி விளையாடுவார்கள். வேலை முடிந்து வரும் வழியில் நானும் நின்று பார்ப்பேன். 1999இலும் 2005இலும் மறுபடி நகரம் மூழ்கியது. 2009இல் ரயில் நிலையத்துப் பக்கமாக வெள்ளம் வடிய ஒரு சுரங்கம் தோண்டி முடித்தார்கள். 1711இல் எடுத்த ஒரு தீர்மானத்துக்கு 2009இலும் காசு கட்ட வேண்டியிருந்தது. தூன் ஏரியை இயற்கை ஏரி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பனிப்பாறை குடைந்த பள்ளம் இயற்கைதான். அதற்குள் நிற்கிற தண்ணீர் பேர்ண் பிரபுக்களின் கையெழுத்து.

கண்டர் ஏரிக்குள் விழும் இடத்துக்கு ஒருமுறை நடந்து போங்கள். முந்நூறு வருடமாக ஆறு கொண்டுவந்த கல், ஏரிக்குள் ஒரு பெரிய திட்டாக நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் நாணலும் பறவைகளுமாகப் பாதுகாக்கப்பட்ட இடம். மறுபக்கம் சல்லி அள்ளுகிற இயந்திரம். இரண்டுக்கும் மூலதனம் அந்தத் திருப்பிவிட்ட ஆறுதான்.

பேர்ண்காரர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை போலும். யூரா மலையடிவாரத்தில் பீல், நொய்ஷாட்டெல், மூர்ட்டன் என்ற மூன்று ஏரிகளைச் சுற்றி இருந்த சதுப்பு நிலத்தைத் திருத்த முனைந்தபோது கணக்கைச் சரியாகப் போட்டார்கள். அதற்காக வருடக்கணக்காகக் குரல் கொடுத்தவர் நீடௌ ஊர் வைத்தியர் யோஹான் ருடோல்ப் ஷ்னைடர். வெள்ளத்தால் சோறும் போய்க் காய்ச்சலும் வந்து சேர்ந்த மனிதர்களை நேரில் பார்த்தவர். திட்டம் போட்டவர் ரிச்சார்ட் லா நிக்கா என்ற பொறியியலாளர். 1868இல் தொடங்கி 1891 வரை நீண்ட வேலை. 1878இல் ஆரே ஆற்றைக் கால்வாய் வழியாகப் பீல் ஏரிக்குள் விட்டார்கள். ஆனால் இம்முறை ஏரியின் வெளிவாயையும் பெரிதாக வெட்டினார்கள். மூன்று ஏரிகளும் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் இறங்கின. கற்காலத்து மனிதர் தண்ணீரோரம் நட்டு வீடு கட்டிய மரத்தூண்கள் சேற்றிலிருந்து வெளியே தெரிந்தன. பீல் ஏரியில் ரூசோ 1765இல் ஒதுங்கியிருந்த தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது சைக்கிளில் போகலாம். பழைய சதுப்பில் இன்று கரட், லீக்ஸ், சலாது விளைகிறது. அறுவடைக் காலத்தில் அங்கே குனிந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்.

ஜெனீவாக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரியப்பாவின் கேள்வி அங்கே நீதிமன்றம் வரைக்கும் போனது. ஏரியின் வாய் ஜெனீவா நகரத்தில். கரையில் பெரும்பங்கு வோ மாநிலத்தில். ஜெனீவா தன் ஆலைகளுக்காகத் தண்ணீரை மறிக்கிறது, அதனால் எங்கள் கரை மூழ்குகிறது என்று வோ மாநிலம் 1877இல் வழக்குப் போட்டது. 1884இல் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் வழியில்தான் இன்றுவரை ஏரி கோடையில் உயர்ந்தும் வசந்தத்துக்கு முன் தாழ்ந்தும் நிற்கிறது. கரையில் நின்று "என்ன அழகு" என்று நாங்கள் சொல்கிற அந்த நீர்க்கோடு, மாநிலங்கள் சண்டை பிடித்து எழுதிய கோடு.

இனி மற்றப் பக்கம். மலைக்கு மேலே கட்டிய ஏரிகள்.

வலே மாநிலத்தின் எறெமான்ஸ் பள்ளத்தாக்கின் முடிவில் கிராண்ட் டிக்சான்ஸ் அணை நிற்கிறது. 285 மீற்றர் உயரம். தன் பாரத்தாலேயே நிற்கிற அணைகளில் உலகில் இதைவிட உயரமானது இல்லை. அறுபது இலட்சம் கன மீற்றர் கொங்கிரீற். அடியில் ஏறத்தாழ 200 மீற்றர் தடிப்பு. 1950களில் தொடங்கி 1961இல் கொங்கிரீற் வேலை முடிந்தது. பின்னால் நிற்கும் ஏரி 40 கோடி கன மீற்றர் நீர் கொள்ளும். அந்தத் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கினது மட்டும் இல்லை. செர்மாட் பக்கத்திலிருந்துகூட, முப்பத்தைந்து பனிப்பாறைகளின் உருகுநீரை மலைக்குள் குடைந்த ஏறத்தாழ 100 கிலோமீற்றர் சுரங்கங்களால் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இலையுதிர் காலத்தில் நிரம்பி நிற்கும். குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காக இறக்கி, ஏப்ரலில் போனால் பெரிய வெறும் குழியாகச் சாம்பல் சேற்றோடு கிடக்கும்.

அணையின் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கோடையிலும் மேற்சட்டை வேண்டும், அப்படிக் குளிர். சுவரில் ஈரம், மங்கிய விளக்கு, நீண்டு போகும் நடைபாதை. ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கம்பியைக் காட்டினார் வழிகாட்டி. மேலேயிருந்து துளை வழியாக இறங்கித் தொங்குகிறது, கீழே பாரம். மேசன்மார் சுவர் பிடிக்கும் தூக்குக்குண்டு தானே என்று எனக்குப் பட்டது. அதேதான். ஏரி நிரம்பும்போது இந்த மலை போன்ற சுவர் சில சென்ரிமீற்றர் முன்னால் சாய்கிறது. வற்றும்போது திரும்பி வருகிறது. அந்தக் கம்பி அதை அளந்து சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மூச்சிழுத்து விடுகிற சுவர். அதைக் கேட்டபோது பயம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. அளக்கிறார்கள், தினமும் பார்க்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள்.

ஆனால் இந்த அணைகளைப் பற்றிப் பேசும்போது நான் மட்மார்க்கைச் சொல்லாமல் போகமாட்டேன்.

அதே வலே மாநிலம், சாஸ் பள்ளத்தாக்கு. அல்லலின் பனிப்பாறைக்குக் கீழே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் தங்குகொட்டில், உணவகம், திருத்தும் பட்டறை எல்லாவற்றையும் பனிப்பாறையின் நாக்குக்கு நேர் கீழேயே போட்டிருந்தார்கள். 1965 ஓகஸ்ட் 30, பின்னேரம் ஐந்து மணி தாண்டிய நேரம். பனிப்பாறையின் முனை பிய்ந்து விழுந்தது. சில செக்கன்கள். எண்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஐம்பத்தாறு பேர் இத்தாலியர். மீதியில் சுவிஸ்காரரும் ஸ்பானியரும் வேறு நாட்டவரும். பனிக்கட்டியைத் தோண்டி உடல்களை எடுக்க மாதக்கணக்கானது.

பதினேழு பேர் மீது வழக்கு. 1972இல் எல்லோரும் விடுதலை. மேன்முறையீடும் தள்ளுபடியாகியது. அதோடு, இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குச் செலவில் பாதியைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. இதை முதன்முதலாக வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, நீதி கேட்டு வந்ததற்காகச் சிட்டை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த இத்தாலியர்கள் பருவகால அனுமதியில் வந்தவர்கள். வருடத்தில் சில மாதம் வேலை, பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கொண்டுவரக்கூடாது. அப்படியும் கொண்டுவந்தவர்கள், பொலிஸ் வந்தால் சத்தம் போடாதே என்று பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வளர்த்தார்கள். எங்கள் சனம் எண்பதுகளில் இங்கே வந்தபோது உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறையாக அதே அடுப்படியிலும் கட்டடத்திலும் நின்றவர்கள் இத்தாலியரும் ஸ்பானியரும். என் அப்பாவுக்கு முதல் வேலையில் கத்தி பிடிக்கக் காட்டித்தந்தவர் ஓர் இத்தாலியர். வதிவிட அனுமதி அட்டையில் உள்ள வகை எழுத்தைப் பார்த்து மனிதரை எடைபோடுகிற நாட்டில், இந்த நாட்டின் குளிர்கால வெளிச்சம் யாருடைய உயிரில் எரிகிறது என்று அந்த அட்டைக்காரர்களின் பிள்ளைகளாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மட்மார்க் அணைக்கு இன்று பேருந்தில் போகலாம். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. நினைவுக்கல்லும் இருக்கிறது. நின்று பெயர்களை வாசித்துவிட்டு நடங்கள்.

உயிரைக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் என்றால், வீட்டைக் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். யூலியர் கணவாய்க்குப் போகும் வீதியில் மர்மொரேரா ஏரி வரும். சூரிச் நகரசபையின் மின்சாரப் பகுதி தன் நகரத்துக்கு மின்சாரம் எடுக்கக் கட்டியது. கீழே ஊர் இருந்தது. 1948இல் ஊரார் வாக்களித்தார்கள்: இருபத்தாறு பேரில் இருபத்து நான்கு பேர் சம்மதம். வறுமையான ஊர், பெரிய நகரம், கையில் காசு. அந்தச் சம்மதத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு சுதந்திரமாகக் கொடுத்த சம்மதம் என்று கேட்பேன். வீடுகளையும் தேவாலயத்தையும் இடித்தார்கள். சேமக்காலையில் கிடந்தவர்களைத் தோண்டி எடுத்து மேலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1954இல் ஏரி நிரம்பியது. புதிய மர்மொரேரா வீதிக்கு மேலே சில வீடுகளோடு இருக்கிறது.

ஐன்சீடெல்ன் கறுப்பு மாதாவிடம் போகாத சுவிஸ் தமிழ்க் குடும்பம் அரிது. வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாகவே போய் மெழுகுதிரி கொளுத்துவோம். அம்மாவுக்கு அங்கே நேர்த்தி இருக்கிறது. கும்பிட்டு முடிந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட ஏரிக்கரைக்குப் போவோம். அந்த ஏரி சீல் ஏரி. நாட்டில் பரப்பளவில் ஆகப் பெரிய செயற்கை ஏரி அது, ஏறத்தாழ 11 சதுர கிலோமீற்றர். 1937இல் ரயில் மின்சாரத்துக்காக ஒரு மேட்டுநிலச் சமவெளியை மூழ்கடித்தார்கள். கமக்காரக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் நிலத்தையோ வீட்டையோ இழந்தன. அணை உயரம் 33 மீற்றர்தான். ஆனாலும் உடைந்தால் அலை சீல் ஆற்றோடு இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சூரிச் நகர மையத்துக்கு வரும் என்று கணக்கிட்டு, வெளியேற்றும் திட்டம் வைத்திருக்கிறார்கள். பெப்ரவரி முதல் புதன்கிழமை மத்தியானம் நாடு முழுக்கச் சங்கு ஊதிப் பார்ப்பார்களே, அணைகளுக்குக் கீழே உள்ள ஊர்களில் அந்தச் சத்தத்துக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. எங்கள் வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு வயதானவர்கள் இன்னும் நடுங்குவார்கள். அவர்களுக்கு அது வேறு நினைவு.

மறுத்தவர்களும் உண்டு. உர்சரன் பள்ளத்தாக்கில் அண்டர்மாட் உட்பட மூன்று ஊர்களை மூழ்கடிக்கும் திட்டம் ஒன்று இருந்தது. 1946 பெப்ரவரி 19 அன்று, திட்டத்துக்காக வந்திருந்த பொறியியலாளரை ஊர்ச்சனம் கூடி அடித்து விரட்டியது. திட்டம் கைவிடப்பட்டது. கேட்கச் சந்தோஷமான கதை. ஆனால் அதன் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும்: மின்சாரத் தேவை போய்விடவில்லை, அணை பக்கத்துப் பள்ளத்தாக்கான கொஷனன் அல்ப்புக்கு நகர்ந்தது. அங்கே இருந்தது ஒரு சின்னக் குடியிருப்பு. 1960 வாக்கில் அது தண்ணீருக்குள் போனது. பலமுள்ள ஊர் தப்பியது, ஆளில்லாத ஊர் மூழ்கியது. அணை கட்டுகிற எல்லா நாட்டிலும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

இயற்கை ஏரிகளின் அடியில் கிடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1947 டிசம்பரில் மிட்ஹோல்ஸ் என்ற மலைக்கிராமத்தில் இராணுவத்தின் நிலக்கீழ் ஆயுதக் களஞ்சியம் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் மிஞ்சிய வெடிமருந்தை எங்கே போடுவது என்று யோசித்து ஏரிகளுக்குள் கொட்டினார்கள். தூன் ஏரியில் மட்டும் ஏறத்தாழ 4,600 தொன். 2024இல் இராணுவத்தின் கொள்வனவுத் திணைக்களம் இதைப் பாதுகாப்பாக எடுக்க யோசனை சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் போட்டி வைத்தது. நான் கோடையில் நீந்துகிற ஏரி இது. தண்ணீர் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது, பயமில்லை என்கிறார்கள். நம்பித்தான் இறங்குகிறேன்.

செம்பாக் ஏரிக்கு நடந்தது வேறு. சுற்றிவரப் பன்றிப் பண்ணைகள், வயலுக்குப் போட்ட கழிவு, வீட்டுச் சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து பாசி பெருகி, 1984இல் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. அதன்பிறகு குழாய் வைத்து ஏரிக்குள் ஒட்சிசன் செலுத்தினார்கள். பால்டெக் ஏரிக்கும் ஹால்வில் ஏரிக்கும் அதே சிகிச்சை. 1986இல் துணி துவைக்கும் தூளில் பொஸ்பேற் தடை வந்தது. ஏரிகள் மெல்ல மெல்லத் தெளிந்தன. இந்த ஒரு விடயத்தில் இந்த நாட்டை நான் மனம் திறந்து பாராட்டுவேன். அழுக்காக்கியதும் அவர்கள்தான், ஆனால் துடைத்தும் காட்டினார்கள்.

இப்போது புதிதாகப் பிறக்கிற ஏரிகளைப் பற்றி. பனிப்பாறைகள் பின்வாங்கிய இடங்களில் 1850 அளவிலிருந்து கிட்டத்தட்ட 1,200 புதிய ஏரிகள் உருவாகியிருப்பதாக 2021இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று டிரிஃப்ட். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே பனிப்பாறையின் நாக்கு கிடந்தது. இப்போது பச்சைத் தண்ணீர். முன்பு பனியின் மேல் நடந்து கடந்த இடத்தை, பனி இல்லாமல் போனதால் 2004இல் தொங்குபாலம் போட்டுக் கடக்க வைத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் வாயில் 177 மீற்றர் அணை ஒன்று கட்டத் திட்டம் இருக்கிறது. பனி விட்டுப்போன வெறும் நிலத்தில் உயிர் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கக் கிடைக்கிற அரிய இடம் அது, தொடாதீர்கள் என்று சூழல் அமைப்புகள் எதிர்க்கின்றன. 2024 யூனில் நாடு முழுக்க நடந்த மின்சாரச் சட்ட வாக்கெடுப்பில் டிரிஃப்ட் உட்படப் பதினாறு நீர்மின் திட்டங்களுக்கு முன்னுரிமை கொடுக்க அறுபத்தெட்டு வீதத்துக்கு மேற்பட்டோர் சம்மதித்தார்கள். நானும் ஆம் என்றுதான் எழுதினேன். பனிப்பாறை போகிறது, அது கோடை வரை தேக்கி வைத்திருந்த தண்ணீரை இனி எதிலாவது தேக்கத்தான் வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த வாக்குக்குப் பிறகு ஒரு வருடம் ஆகுமுன் பிளாட்டன் நடந்தது. லொட்ஷென்டால் பள்ளத்தாக்கு. மேலே மலை அசைகிறது என்று அளவுகள் சொன்னதால் 2025 மே 19 அன்று ஏறத்தாழ 300 பேரையும் ஆடுமாடுகளையும் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். மே 28 பின்னேரம் பிர்ஹ் பனிப்பாறை மலையிடிபாட்டோடு சேர்ந்து வந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஒருவர் இறந்தார். மூடாமல் தப்பிய வீடுகளை அடுத்த நாளே தண்ணீர் எடுத்தது, ஏனென்றால் இடிபாடு லொன்ஸா ஆற்றை மறித்து, பின்னால் ஓர் ஏரி ஏறிக்கொண்டிருந்தது. கூரைகள் மட்டும் தெரிந்த அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனிதன் கை வைக்காத, விதிமுறை எதுவும் இல்லாத, முழுக்க முழுக்க இயற்கையான ஏரி அது. அது ஒரேயடியாக உடைத்துக்கொண்டு கீழே வந்தால் என்ன செய்வது என்று நாடே பயந்தபோது கைகொடுத்தது ஒரு செயற்கை ஏரி. பள்ளத்தாக்கில் கீழே உள்ள ஃபெர்டன் நீர்த்தேக்கத்தை முன்கூட்டியே வெறுமையாக்கி, வருவதை ஏந்தத் தயாராக வைத்திருந்தார்கள். கடைசியில் ஆறு இடிபாட்டுக்கு மேலால் தானே வழி வெட்டி மெதுவாக இறங்கியது.

ஃபெர்டன் சின்னத் தேக்கம், வசந்த காலம், வெறுமையாக்க முடிந்தது. புதிதாகக் கட்டப்போகிறவை பெரியவை. செர்மாட்டுக்கு மேலே திட்டமிட்டிருக்கிற கோர்னர்லி அணைக்கு ஆதரவு திரட்டும்போது, கீழுள்ள பள்ளத்தாக்கை வெள்ளத்திலிருந்து காக்கும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வெள்ளத்திலிருந்து காக்க வேண்டுமானால் தேக்கத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் மின்சாரமாக விற்க வேண்டுமானால் இலையுதிர் காலத்தில் அது நிரம்பியிருக்க வேண்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் இரண்டு தேவையும் ஒன்றோடொன்று முட்டும். எத்தனை மீற்றர் காலியாக விடுவது, அதனால் இழக்கிற வருமானத்தை யார் கொடுப்பது, அவசரத்தில் திறக்கச் சொல்லும் அதிகாரம் கம்பனிக்கா மாநிலத்துக்கா என்பதெல்லாம் அனுமதிப் பத்திரத்தில் எண்ணாக, எழுத்தாக இருக்க வேண்டும். வாக்குச்சீட்டில் ஆம் என்று எழுதிய எங்கள் எல்லோருக்கும் அதைக் கேட்கிற உரிமை உண்டு. கொங்கிரீற் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டும்.